வியஞ்சானுக்குச் செல்லும் வழிகள்: ஒரு வரலாறு

வியஞ்சான் லாவோஸ் நாட்டின் தலைநகரம். மேக்கொங் ஆற்றின் இடது கரையில் இந்நகரம் அமைந்துள்ளது. ஆற்றின் மறுகரை தாய்லாந்து. நாட்டின் எல்லைக்கோட்டிலேயே அமைந்த தலைநகரங்கள் உலகில் மிகச் சிலவே. அவற்றுள் வியஞ்சானும் ஒன்று. 'வியங்' என்பது மதில் சூழ்ந்த நகரையும், 'சான்' என்பது சந்தனத்தையும் குறிக்கும். இப்பெயரைச் 'சந்திர நகரம்' என்று பொருள் கொள்வோரும் உண்டு.

தென்கிழக்காசியாவில் கடற்கரை இல்லாத ஒரே நாடு லாவோஸ். தாய்லாந்து, வியட்நாம், சீனா, கம்போடியா, மியான்மர் ஆகிய ஐந்து நாடுகள் அதைச் சூழ்ந்துள்ளன. எனவே கடல் வழியாக வரும் எரிபொருளோ, இயந்திரமோ, மருந்தோ ஏதேனும் ஓர் அண்டை நாட்டின் மண்ணைக் கடந்துதான் தலைநகருக்கு வந்து சேர முடியும். அந்த வழி திறந்திருப்பதும் அடைபடுவதும் அண்டை நாட்டின் விருப்பத்தைப் பொறுத்தது. வியஞ்சானுக்குச் செல்லும் பாதைகளின் வரலாறு இக்காரணத்தால் அந்நாட்டின் அரசியல் வரலாறாகவும் அமைந்துள்ளது.

ஆறும் மாட்டுவண்டியும்

16ஆம் நூற்றாண்டில் லான் சாங் அரசின் மன்னர் செத்தாதிராத் தம் தலைநகரை லுவாங் பிரபாங்கிலிருந்து வியஞ்சானுக்கு மாற்றினார். அப்போது மேக்கொங் எல்லையாக இருக்கவில்லை. லான் சாங் அரசின் ஆட்சி ஆற்றின் இரு கரைகளிலும் பரவியிருந்தது. வியஞ்சான் நாட்டின் நடுவில் இருந்த நகரமாகவே கருதப்பட்டது.

வெளியிலிருந்து நகரை அடைய இரண்டு வழிகள் முதன்மையாக இருந்தன. ஒன்று கம்போடியாவிலிருந்து ஆற்றை எதிர்த்துப் படகில் வருவது. மற்றொன்று சயாமின் தலைநகரான அயூத்தியாவிலிருந்து கோராட் பீடபூமியைக் கடந்து மாட்டுவண்டியில் வருவது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகர் கெரித் வான் வைஸ்தோஃப் முதல் வழியில் வந்தார். 1641 ஜூலையில் கம்போடியாவிலிருந்து புறப்பட்ட அவருடைய குழு நவம்பரில்தான் வியஞ்சானை அடைந்தது. மன்னர் சூரியவொங்சா அவர்களை வரவேற்றார். வழியில் அருவிகளும் பாறைகளும் குறுக்கிட்ட இடங்களில் படகுகளிலிருந்த சரக்குகளை இறக்கிச் சுமக்க வேண்டியிருந்தது. இந்தப் பயணத்துக்குப் பின் இவ்வழி இலாபகரமான வணிகப் பாதையாக வளரவில்லை.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியஞ்சான் சயாமுக்குத் திறை செலுத்தும் அரசாக இருந்தது. மன்னர் ஆனுவொங் சயாமை எதிர்த்துப் போரிட்டுத் தோற்றார். 1827, 1828 ஆண்டுகளில் சயாமியப் படைகள் நகரை அழித்தன. மக்களில் பெரும்பகுதியினரை ஆற்றைக் கடத்திக் கோராட் பீடபூமிக்குக் கொண்டு சென்றன. படைகள் வந்ததும் மக்கள் கொண்டு செல்லப்பட்டதும் முன்பு வணிகம் நடந்த அதே திசையில்தான்.

கோனே அருவியும் பிரெஞ்சுக்காரரும்

மேக்கொங் வழியாகச் சீனாவுக்குக் கப்பல் பாதை கிடைக்குமா என்று அறியப் பிரெஞ்சு அரசு 1866இல் ஓர் ஆய்வுக் குழுவைச் சைகோனிலிருந்து அனுப்பியது. தூதார் த லாக்ரே அதன் தலைவர். பிரான்சிஸ் கார்னியே துணைத் தலைவர். கம்போடியாவுக்கும் லாவோசுக்கும் இடையில் கோனே அருவிகள் ஆற்றை முழுவதுமாக மறித்து நின்றதை அவர்கள் கண்டனர். அங்கு ஆறு பல கிளைகளாகப் பிரிந்து ஏறத்தாழ 20 மீட்டர் கீழிறங்குகிறது. 1867இல் குழு வியஞ்சானை அடைந்தபோது நகரம் காடு மூடிய இடிபாடாகக் கிடந்தது. லாக்ரே 1868இல் சீனாவின் யுன்னான் பகுதியில் நோயால் இறந்தார். மேக்கொங் வழியே சீனாவுக்குக் கப்பல் செல்லாது என்பதே இந்தப் பயணம் காட்டிய உண்மை.

1893 அக்டோபரில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி சயாம் ஆற்றின் இடது கரையைப் பிரான்சுக்கு விட்டுக்கொடுத்தது. அன்று முதல் மேக்கொங் எல்லைக்கோடாக மாறியது. நாட்டின் நடுவில் இருந்த வியஞ்சான் நாட்டின் விளிம்புக்கு வந்தது. பிரெஞ்சு அரசு இடிபாடுகளின் மேல் நகரை மீண்டும் கட்டி அதை நிருவாகத் தலைநகராக்கியது.

புதிய தலைநகரைச் சைகோனுடன் இணைக்க வேண்டியிருந்தது. கோனே அருவியைச் சுற்றிச் செல்ல டொன் கோன் தீவில் சிறிய இருப்புப்பாதை ஒன்று அமைக்கப்பட்டது. முதலில் அதன் வழியே பீரங்கிப் படகுகள் மேல் ஆற்றுக்கு இழுத்துச் செல்லப்பட்டன. பின்னர் பயணிகள் அருவிக்குக் கீழே ஒரு படகிலிருந்து இறங்கி, தொடர்வண்டியில் தீவைக் கடந்து, மேலே மற்றொரு படகில் ஏறினர். இப்பாதை பாலம் ஒன்றின் வழியே அடுத்த தீவான டொன் தெத் வரை நீட்டப்பட்டது. அதன் மொத்த நீளம் ஏறத்தாழ 7 கிலோமீட்டர். 1940களில் இப்பாதை கைவிடப்பட்டது. பாலம் இன்றும் நிற்கிறது.

அருவியைத் தாண்டினாலும் இடர்கள் தீரவில்லை. பாக்சேவுக்கும் சவன்னாகெத்துக்கும் இடையில் நீண்ட பாறைத் தொடர்கள் இருந்தன. கோடையில் நீர் வற்றியது. மழைக்காலத்தில் வெள்ளம் படகுகளைப் புரட்டியது. அருவிக்கு மேலே கொண்டுவரப்பட்ட லா கிராந்தியேர் என்னும் பீரங்கிப் படகு 1910இல் லுவாங் பிரபாங் பகுதியில் மூழ்கியது. அதில் இருந்த தளபதி பெய்லியே உயிரிழந்தார். சைகோனிலிருந்து மேல் லாவோசுக்குப் போவதை விடப் பிரான்சுக்குப் போவது விரைவு என்று அக்காலத்தில் சொல்லப்பட்டது.

தாய்லாந்தின் இருப்புப்பாதை

சயாம் அரசு பாங்காக்கிலிருந்து கோராட் வரை, அதாவது இன்றைய நக்கோன் ராட்சசிமா வரை, அமைத்த இருப்புப்பாதை 1900இல் திறக்கப்பட்டது. இதனால் வியஞ்சான் வணிகர்களுக்குப் பாங்காக் நெருங்கியது. பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்ட நகரத்தின் சரக்குகள் பிரெஞ்சுத் துறைமுகமான சைகோனைத் தவிர்த்துப் பாங்காக் வழியே சென்றன. கொடி மாறியபோதும் சரக்கு தனக்கு எளிதான வழியையே தேடிக்கொண்டது. இதை மாற்ற வியட்நாமின் தான் அப் என்னுமிடத்திலிருந்து தாக்கெக் வரை இருப்புப்பாதை அமைக்கும் வேலை தொடங்கப்பட்டது. அது முடிவடையாமல் நின்றது.

தாய்லாந்தின் பாதை வடக்கே நீண்டுகொண்டே சென்றது. 1941இல் உடோன் தானியையும், 1950களின் இறுதியில் வியஞ்சானுக்கு எதிர்க்கரையில் உள்ள நோங் காய் நகரையும் தொடர்வண்டி எட்டியது. அதே காலத்தில் அமெரிக்க உதவியுடன் மித்ராபாப் நெடுஞ்சாலையும் உருவாகத் தொடங்கியது. 'மித்ர' என்னும் சொல் தமிழில் வழங்கும் 'மித்திரன்' என்பதோடு ஒரே வேர் கொண்டது. மித்ராபாப் என்பதற்கு நட்பு என்று பொருள். இவை எல்லாம் வந்தபின்பும் கடைசி ஒரு கிலோமீட்டரைக் கடக்கப் பரிசல் போன்ற சிறு படகுகளும் வண்டிகளை ஏற்றும் மிதவைகளுமே இருந்தன.

அடைபட்ட வழி

1960 ஆகஸ்டில் கொங் லே என்னும் படைத்தலைவர் வியஞ்சானைக் கைப்பற்றி, லாவோஸ் நடுநிலை நாடாக இருக்க வேண்டும் என்று அறிவித்தார். தாய்லாந்தை ஆண்ட சரித் தனராத் இதை விரும்பவில்லை. தாய்லாந்து ஆற்றுத்துறையை அடைத்தது. நகரில் எரிபொருளும் உணவுப் பொருள்களும் அருகின. அந்த ஆண்டு டிசம்பரில் சோவியத் விமானங்கள் ஹனோயிலிருந்து வியஞ்சானுக்கு எரிபொருள் கொண்டுவந்தன. பனிப்போரில் லாவோசை ஆழமாக இழுத்துவிட்ட நிகழ்வுகளில் இந்த அடைப்பும் ஒன்று. கண்ணுக்கு எட்டும் தொலைவில் உள்ள கரையிலிருந்து வரவேண்டிய பொருள், மலைகளைத் தாண்டி வானில் வர நேர்ந்தது.

1975இல் பாதெத் லாவோ இயக்கம் ஆட்சியைப் பிடித்தபோதும் இதே நிலை திரும்பியது. ஆற்றில் நடந்த துப்பாக்கிச்சூட்டை அடுத்து அவ்வாண்டு நவம்பரில் தாய்லாந்து எல்லையை மூடியது. அடுத்த ஆண்டு அது பகுதியாகத் திறக்கப்பட்டது. இந்த அனுபவத்துக்குப் பின் லாவோஸ் வியட்நாமை நோக்கிச் சாய்ந்தது. 9ஆம் எண் சாலை வழியாக வியட்நாமின் தா நாங் துறைமுகத்தை அடையும் பாதை முக்கியத்துவம் பெற்றது. ஆயினும் அது நீண்ட மலைப்பாதை, செலவும் மிகுதி. தாய்லாந்து வழியை அதனால் முழுவதும் ஈடுசெய்ய முடியவில்லை.

நட்புப் பாலம்

1987 டிசம்பர் முதல் 1988 பிப்ரவரி வரை இரு நாடுகளும் எல்லைக் கிராமம் ஒன்றை முன்னிட்டுப் போரிட்டன. அதே 1988இல் தாய்லாந்தின் பிரதமராக வந்த சாத்சாய், போர்க்களங்களைச் சந்தைகளாக மாற்றுவோம் என்னும் கொள்கையை முன்வைத்தார். ஆஸ்திரேலிய அரசின் நிதியுதவியுடன் மேக்கொங்கின் குறுக்கே பாலம் கட்டும் பணி தொடங்கியது.

ஏறத்தாழ 1,170 மீட்டர் நீளமுள்ள முதல் தாய்–லாவோ நட்புப் பாலம் 1994 ஏப்ரல் 8 அன்று திறக்கப்பட்டது. தாய்லாந்து மன்னர் பூமிபோல், லாவோஸ் குடியரசுத் தலைவர் நூகாக் பூம்சவான், ஆஸ்திரேலியப் பிரதமர் பால் கீட்டிங் ஆகியோர் விழாவில் கலந்துகொண்டனர். மன்னர் பூமிபோல் 1967க்குப் பிறகு அயல்நாட்டுக்குச் சென்றது அப்போதுதான்.

தாய்லாந்தில் வண்டிகள் சாலையின் இடப்பக்கமும் லாவோசில் வலப்பக்கமும் செல்கின்றன. எனவே பாலத்தைக் கடக்கும் வண்டிகள் லாவோஸ் முனையில் பக்கம் மாறுகின்றன. பாலத்தின் நடுவில் இருப்புப்பாதைக்கும் இடம் விடப்பட்டது. ஆனால் தொடர்வண்டி ஓட மேலும் 15 ஆண்டுகள் ஆயின. 2009 மார்ச் 5 அன்று நோங் காயிலிருந்து லாவோசின் தா நாலெங் வரை சேவை தொடங்கியது. தொடர்வண்டி செல்லும் நேரத்தில் பாலத்தில் பிற வண்டிகள் நிறுத்தப்படுகின்றன. தா நாலெங் நகருக்கு வெகு வெளியே இருந்ததால் பயணிகளிடையே இச்சேவைக்குப் பெரிய வரவேற்பு இல்லை.

சீனாவிலிருந்து வந்த பாதை

2021 டிசம்பர் 3 அன்று லாவோஸ்–சீனா இருப்புப்பாதை திறக்கப்பட்டது. எல்லை நகரான போதெனிலிருந்து வியஞ்சான் வரை இதன் நீளம் 400 கிலோமீட்டருக்கும் சற்று அதிகம். பயணிகள் வண்டி மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. வழியெல்லாம் மலைகள் என்பதால் பாதையின் பெரும்பகுதி சுரங்கங்களிலும் பாலங்களிலும் அமைந்துள்ளது. மலைச்சாலையில் ஒரு நாளின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட லுவாங் பிரபாங் பயணம் இப்போது ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் முடிகிறது. 2023 ஏப்ரல் முதல் சீனாவின் குன்மிங் நகருக்கு நேரடிப் பயணிகள் வண்டியும் ஓடுகிறது.

இத்திட்டத்தின் செலவு ஏறத்தாழ 600 கோடி அமெரிக்க டாலர். இதை நடத்தும் கூட்டு நிறுவனத்தில் சீனத் தரப்புக்கு 70 விழுக்காடும் லாவோசுக்கு 30 விழுக்காடும் பங்கு உண்டு. செலவின் பெரும்பகுதி சீனக் கடன். இதனால் தாய்லாந்தைச் சார்ந்திருந்த நிலை குறைந்தாலும், சீனாவுக்குக் கடன்பட்ட நிலை வளர்ந்தது என்னும் கவலை பொருளியல் அறிஞர்களிடையே உள்ளது. கடலிலிருந்து விலகிக் கிடந்த நாடு அண்டை நாடுகளை இணைக்கும் பாலமாக மாறும் என்பது லாவோஸ் அரசின் வாதம்.

இரு பாதைகளும் வியஞ்சானை அடைந்தாலும் ஒன்றாக இணையவில்லை. தாய்லாந்தின் தண்டவாள அகலம் 1,000 மில்லிமீட்டர். சீனப் பாதையின் அகலம் 1,435 மில்லிமீட்டர். ஒரு நாட்டு வண்டி மற்ற நாட்டின் பாதையில் ஓட முடியாது. சரக்குப் பெட்டிகள் தா நாலெங் பகுதியில் ஒரு வண்டியிலிருந்து மற்றொன்றுக்குத் தூக்கி மாற்றப்படுகின்றன.

இன்றைய வழிகள்

தாய்லாந்திலிருந்து: பாங்காக்–வியஞ்சான் நேரடி இரவுத் தொடர்வண்டி 2024 ஜூலையில் தொடங்கியது. அது வியஞ்சானின் காம்சவாத் நிலையம் வரை செல்கிறது. உடோன் தானி, நோங் காய் நகரங்களிலிருந்து பேருந்துகளும் பாலத்தைக் கடந்து வருகின்றன. உடோன் தானி வரை உள்நாட்டு விமானத்தில் வந்து, பிறகு சாலை வழியே எல்லையைக் கடப்பவர்களும் பலர்.

சீனாவிலிருந்து: குன்மிங்கிலிருந்து தொடர்வண்டி. போதெனில் இறங்கி எல்லைச் சோதனை முடித்துத் தொடர வேண்டும். சீனப் பாதையின் வியஞ்சான் நிலையமும் காம்சவாத் நிலையமும் வெவ்வேறு இடங்களில் உள்ளதால், பயணத்தைத் தொடர்வோர் இடையில் சாலை வழியே செல்ல வேண்டும்.

வியட்நாமிலிருந்து: ஹனோய், வின் நகரங்களிலிருந்து 8ஆம் எண் சாலை வழியாகப் பேருந்துகள் உள்ளன. ஹனோயிலிருந்து வரும் பேருந்துப் பயணம் ஏறத்தாழ ஒரு முழு நாள் எடுக்கும்.

கம்போடியாவிலிருந்து: ஸ்டுங் திரெங் வழியாக எல்லையைக் கடந்து, 13ஆம் எண் சாலையில் பாக்சே, சவன்னாகெத், தாக்கெக் நகரங்களைத் தாண்டி வர வேண்டும். வான் வைஸ்தோஃப் படகில் வந்த தடத்தை இச்சாலை பெரும்பாலும் ஆற்றின் கரையோடு பின்தொடர்கிறது.

மியான்மரிலிருந்து: இரு நாடுகளையும் இணைக்கும் மேக்கொங் பாலம் 2015இல் திறக்கப்பட்டது. அது வடமேற்கு மூலையில் இருப்பதால் தலைநகருக்கு வருவோர் பெரும்பாலும் தாய்லாந்து வழியையோ விமானத்தையோ நாடுகின்றனர்.

விமானத்தில்: வாத்தாய் பன்னாட்டு விமான நிலையம் நகர மையத்திற்கு அருகிலேயே உள்ளது. பாங்காக், ஹனோய் முதலிய நகரங்களுக்கு இங்கிருந்து விமானங்கள் செல்கின்றன.

முடிவுரை

1866இல் பிரெஞ்சுக் குழு தெற்கிலிருந்து தேடிச் சென்ற சீன வழி, 155 ஆண்டுகளுக்குப் பின் வடக்கிலிருந்து தண்டவாளமாக வந்து சேர்ந்தது. இதற்கிடையில் வியஞ்சான் சயாமுக்கும், பிரான்சுக்கும், அமெரிக்க உதவிக்கும், வியட்நாமுக்கும் மாறி மாறித் தன் வாயிலைத் திறந்து வைத்தது. ஒரே வழியை நம்பியிருந்த காலத்தில் அந்நகரம் பட்ட துன்பத்தை 1960ஆம் ஆண்டின் அடைப்பு காட்டுகிறது. இன்று அதற்குப் பல வழிகள் உள்ளன. அவற்றில் எந்த ஒன்றும் மற்றவற்றை விழுங்கிவிடாமல் காப்பதே கடலில்லாத அந்நாட்டின் நீண்டகாலச் சவாலாகும்.