கோயில் சுவர் அடியில் ஏன் பொரியுது? ஒரு பழைய கதை

 

போன வெள்ளிக்கிழமை பிரகாரம் கூட்டும்போது ஒரு அம்மா கேட்டாங்க: "போன கும்பாபிஷேகத்துக்குத்தானே பூசினீங்க? அதுக்குள்ள இடுப்பளவுக்கு உப்பு பூத்து உதிருதே!" இதுக்குப் பதில் சொல்லணும்னா பழைய கதைக்குப் போகணும்.

1819-ல் ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கு வந்தவர் நாராயண பிள்ளை. இங்கே செங்கல் சூளை வைத்தவர். 1827-ல் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மாரியம்மனுக்கு மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் கோயில் எழுப்பினார். 1843 வாக்கில் அங்கே செங்கல் கட்டடம் வந்தது.

அந்தக் காலத்தில் பூச்சு என்றால் சுண்ணாம்புதான். 1862-ல் அர்ச்சிக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியது இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். அவர்கள் பூசியது மெட்ராஸ் சுண்ணாம்பு. சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு, வெல்லம் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்து, கல்லால் தேய்த்து வழவழப்பாக்கினாங்க.

நம்ம கோயில் பழைய சுவரும் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். மண்ணில் உள்ள ஈரத்தைத் தடுக்க அடியில் எதுவும் வைக்கல. அகல் விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி, செங்கல் ஈரத்தை மேலே இழுக்கும். சுண்ணாம்புப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. அது வழியா ஈரம் காற்றில் போயிடும்.

போன திருப்பணியில் "சிமெண்டுதான் கெட்டி" என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தன். அந்தக் கெட்டிதான் தப்பாப் போச்சு. ஈரம் வெளியே போக வழியில்லாமல் இன்னும் மேலே ஏறிச்சு. தண்ணீரோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் கட்டியாகி, பூச்சையே தள்ளிவிட்டது. டைல்ஸ் ஒட்டினாலும் இதே கதைதான். மூடி மறைக்கலாம், உள்ளே செங்கல் அரிச்சுக்கிட்டே இருக்கும்.

இந்த முறை வரிசையாச் செய்யணும். முதலில் கூரைத் தண்ணீரும் வடிகாலும் சரியாகணும். சுவரை ஒட்டி மேடாகிப்போன தரையைத் தாழ்த்தணும். சிமெண்டைப் பக்குவமா உரித்து, சுவரை மாசக்கணக்கில் காயவிடணும். அப்புறம்தான் சுண்ணாம்புப் பூச்சு, மேலே வெள்ளையடிப்பு. அவசரப்பட்டால் பழையபடி உதிரும்.

டைல்ஸ் உபயம் தர நினைக்கிறவங்க தயவுசெய்து மனம் வருத்தப்படாதீங்க. அதே காசை வடிகாலுக்கும் சுண்ணாம்புக்கும் கொடுங்க. அதில் பெயர் பொறிக்க இடம் இருக்காது. ஆனா அம்மாளுக்குத் தெரியும்.