கையச்சில் உருவான கலைநூல்

இங்கிலாந்தில் குளொஸ்டர்சயர் மாவட்டத்தில் பிராடு காம்டன் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூரில் நார்மன் காலத்துப் பழைய தேவாலயம் ஒன்று பழுது பார்க்கப்பெற்று வீடாக மாற்றப்பட்டிருந்தது. 1907-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அவ்வீட்டில் ஒரு பெரிய நூலின் அச்சு வேலை தொடங்கிற்று. 1908-ஆம் ஆண்டு டிசம்பரில் முடிவுற்றது. நூலின் பெயர் 'இடைக்காலச் சிங்களக் கலை'. 425 படிகளே அச்சாயின. நூலை எழுதியவரும், தம் வீட்டிலேயே அதனைத் தம் மேற்பார்வையில் அச்சேற்றியவரும் ஆனந்த குமாரசுவாமி. அதிலுள்ள புகைப்படங்கள் பலவற்றை எடுத்தவர் அவர் மனைவியார் எதெல். எழுத்து, படம், பக்க அமைப்பு, அச்சு என்னும் நான்கும் இவ்வாறு ஒரே இல்லத்தில் கூடிய நூல்கள் எக்காலத்திலும் அரியனவே.

குமாரசுவாமியைப் பிற்காலத்துத் தத்துவ அறிஞராகவே பலர் அறிவர். நடராசர் திருவுருவத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையைத் தமிழாசிரியர் பலர் பயின்றிருப்பர். அவர் ஒரு நூலைத் தாள் தாளாகக் கட்டியெழுப்பிய அச்சுத்தொழில் அறிவுடையவர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

யாழ்ப்பாணத் தமிழ்க் குடியில் தோன்றிய சர் முத்துக் குமாரசுவாமிக்கும், எலிசபெத் என்னும் ஆங்கில அம்மையாருக்கும் 1877-இல் கொழும்பில் பிறந்தவர் ஆனந்தர். தந்தையார் அரிச்சந்திரன் கதையை ஆங்கில நாடகமாக்கி 1863-இல் வெளியிட்டவர். இராமநாதன், அருணாசலம் ஆகியோருக்குத் தாய்மாமன். அவர் 1879-இல் மறைந்தார். குழந்தை தாயிடம் இங்கிலாந்தில் வளர்ந்தது. லண்டன் பல்கலைக் கல்லூரியில் புவியியலும் தாவரவியலும் கற்றுத் தேறிய இளைஞர், 1903 முதல் 1906 வரை இலங்கையில் கனிப்பொருள் ஆய்வுத் துறையின் தலைவராய் இருந்தார். தோரியனைட் என்னும் கனிப்பொருளைக் கண்டறிந்ததும் அக்காலத்திலேதான்.

கற்களைத் தேடிக் கண்டி மலைநாட்டுச் சிற்றூர்களில் அலைந்தவர் கண்ணில் வேறு பொருள்கள் பட்டன. பித்தளை விளக்கு, தந்தச் சீப்பு, அரக்கு பூசிய கைத்தடி, கோரைப் பாய், துணியில் ஊசி வேலை. இவற்றைச் செய்த குடும்பங்கள் இன்னும் இருந்தன. ஆனால் இவர்களை ஆதரித்த அரசு 1815-இல் ஆங்கிலேயர் கைப்பட்டபின், இவர்களுக்கு மானியமாக விடப்பட்டிருந்த நிலமுறையும் குலைந்துவந்தது. இறக்குமதிச் சரக்கு சந்தையை நிரப்பிற்று. தொழில் தெரிந்த முதியவர் மறைந்தால் அவர் கைத்திறனும் அவருடனேயே போய்விடும் நிலை. 1905-இல் கண்டித் தலைவர்களுக்குப் பகிரங்கக் கடிதம் ஒன்று எழுதிப் பார்த்தார் குமாரசுவாமி. பின்னர், உள்ளதையேனும் பதிந்து வைக்க வேண்டும் எனத் துணிந்தார். எதெல் அம்மையார் கருவியைத் தூக்கிக்கொண்டு உடன் சென்றார். இந்நூலைப் பாராட்டுவோர் கணவர் பெயரோடு நின்றுவிடுகின்றனர்; அது நேர்மையன்று.

கைத்தொழிலைப் போற்றும் நூலை விசை இயந்திரத்தில் அடித்து வெளியிடுவதா என்பது அடுத்து எழுந்த வினா. அதற்கு விடையளிக்கும் பொறி அண்டையிலேயே இருந்தது. வில்லியம் மாரிஸ் என்னும் கவிஞர் 1891-இல் கெல்ம்ஸ்காட் அச்சகத்தைத் தொடங்கி, அழகிய நூல்களைக் கைப்பொறியில் அச்சிட்டு வந்தார். அவற்றுள் தலையாயது 1896-இல் முடிந்த சாசரின் படைப்புத் தொகுதி. அதே ஆண்டில் மாரிஸ் மறைந்தார். 1898-இல் அவ்வச்சகம் மூடப்பட்டபோது, அதன் ஆல்பியன் கைப்பொறிகளைச் சி. ஆர். ஆஷ்பி என்னும் கட்டடக் கலைஞர் வாங்கி, எசெக்ஸ் இல்ல அச்சகத்தை நிறுவினார். பொறி கிடைத்தது, மாரிஸ் வடித்த எழுத்துகள் கிடைக்கவில்லை. அவற்றை மாரிஸின் பொறுப்பாளர்கள் தம்மிடமே வைத்துக்கொண்டனர். ஆஷ்பி தம் கைவினைச் சங்கத்தை 1902-இல் லண்டனின் கிழக்குப் பகுதியிலிருந்து காம்டன் வட்டாரத்துக்குப் பெயர்த்தார். தொழிலாளரும் குடும்பத்தாருமாக ஏறத்தாழ 150 பேர் உடன் வந்தனர். பழைய தேவாலயத்தைக் குமாரசுவாமிக்காக வீடாக்கித் தந்தவரும் இந்த ஆஷ்பியே. அச்சகம் பின்னர்க் குமாரசுவாமியின் கைக்கு வந்தது. சாசர் தொகுதி அச்சான அதே பொறியில் கண்டிக் கைவினைஞரின் வரலாறு ஏறிற்று. சாசரின் தாட்பதிப்பும் 425 படிகளே என்பது கருதத்தக்கது.

மாரிஸிடமிருந்து வந்தது இரும்புப் பொறி மட்டுமன்று. பக்கத்தை அமைக்கும் முறையும் அங்கிருந்தே வந்தது. நூலின் அலகு ஒரு பக்கம் என்பது பொதுவான எண்ணம். மாரிஸ் அதனை மறுத்தார். விரித்த நூலில் எதிரெதிரே தோன்றும் இரு பக்கங்களும் சேர்ந்ததே ஓர் அலகு என்றார். ஆதலால், தையலை ஒட்டிய உள் ஓரம் மிகக் குறுகியிருத்தல் வேண்டும். மேலோரம் அதனினும் அகலம். வெளியோரம் இன்னும் அகலம். அடியோரம் எல்லாவற்றினும் அகலம். இவ்வாறு அமைத்தால் இரு எழுத்துப் பத்திகளும் நடுவில் நெருங்கி ஒன்றாய்த் தோன்றும். நூலைப் பிடிக்கும் கட்டைவிரலுக்கும் இடம் கிடைக்கும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே வெண்மை மிகுந்து பக்கத்தில் ஓட்டைகள் தெரிதல் கூடாது என்பதும் அவர் விதி. நான்கு பக்கமும் ஒரே அளவு ஓரம் விட்டு, படத்தை எங்கேனும் ஒரு மூலையில் செருகிய பாடநூல்களை வகுப்பில் விரித்துப் படிக்கும் ஆசிரியர்க்கு இவ்விதிகளின் அருமை விளக்காமலே விளங்கும்.

படங்களே பெருஞ்சிக்கல். ஓலையில் எழுத்தாணி கீறிய பள்ளத்தில் மை தங்கும். ஈய எழுத்திலோ மேட்டில் மை தங்கும். எழுத்தோடு சேர்ந்து ஒரே இழுப்பில் படமும் அச்சாக வேண்டுமாயின், படத்தின் கோடும் எழுத்தைப் போல் மேடாய் நிற்றல் வேண்டும். கோட்டோவியத்தை அவ்வாறு உலோகத்தில் அரித்தெடுத்து, எழுத்து வரிகளுக்கிடையே பதிக்கலாம். புகைப்படத்தில் கோடு இல்லை. நிழலின் படிநிலைகளே உள்ளன. அவற்றைச் சிறு புள்ளிகளாக்கி அச்சிட வழவழப்பான தாள் தேவை. கையால் செய்த கரடுமுரடான தாளில் அப்புள்ளிகள் சிதைந்துபோகும். எனவே கோட்டோவியங்கள் எழுத்தோடு பக்கத்தில் அமைந்தன. புகைப்படங்கள் 50-க்கும் மேற்பட்ட தனிப் படத்தாள்களாயின.

தொழில்நுட்பம் விதித்த இப்பிரிவு நூலுக்கு நன்மையாய் முடிந்தது. கொடியாக ஓடும் 'லியவெல', தாமரை மலராகிய 'நெலும் மல', இதழ் வரிசையாகிய 'பலாபெதி', கழுத்துகள் பின்னிக்கொண்ட அன்னங்கள், மகரம், பெண்ணுருவாய்ப் பூக்கும் நாரிலதை ஆகிய அலங்கார உறுப்புகளை ஒவ்வொன்றாய் அறிய வரைகோடே போதும். மாணவன் கண் அதனைப் பின்தொடர்ந்து கையால் வரைந்து பார்க்கலாம். ஒரு முழுப்பொருளின் திண்மையையும் தேய்மானத்தையும் காட்டப் புகைப்படம் வேண்டும். முன்னது இலக்கணம், பின்னது இலக்கியம் என்று ஆசிரியர்கள் இதனைக் கொள்ளலாம்.

நூலின் வைப்பு முறையும் இதற்கு இயைந்தது. பொருட்காட்சிச் சாலைப் பட்டியல்கள் மரம், உலோகம், மண் எனப் பொருளால் பகுத்துத் தொடங்குவது வழக்கம். குமாரசுவாமி மனிதரிடமிருந்து தொடங்குகிறார். கண்டிச் சமுதாயம் எவ்வாறு அமைந்திருந்தது, நிலம் பெற்றவன் அதற்கீடாக மன்னனுக்கோ கோயிலுக்கோ எத்தொண்டு செய்தான், கைவினைஞனின் தகுதி யாது என்பன முன்னே வருகின்றன. பிறகே அலங்கார உறுப்புகள். அதன் பின்னரே கட்டடம், மரவேலை, தந்தம், உலோகம், அரக்கு, மட்பாண்டம், நெசவு, பாய், ஊசிவேலை முதலியன. ஆதலின் ஒரு தந்தச் சீப்பின் படத்தை வாசகர் காணும்போது, அதைச் செய்தவன் எந்த நிலத்தை உழுதான், யாருக்குக் கடமைப்பட்டான் என்பது முன்பே தெரிந்திருக்கிறது. இந்த ஒழுங்கே நூலின் வாதம் என்று சொன்னாலும் பொருந்தும். சிற்ப மரபைக் கூறும் 'ரூபாவலிய', 'சாரிபுத்திர' ஆகிய பழைய நூல்களின் மொழிபெயர்ப்பும் இதில் இடம் பெற்றது.

புத்தர் திருவுருவத்துக்குக் கண் எழுதும் சடங்கு ஓவியன் தொழிலில் உச்சமானது. உருவம் முழுவதும் முடிந்தபின், கண்கள் மட்டும் எழுதப்படாமல் விடப்படும். குறித்த வேளையில் ஓவியன் கண்ணாடியில் பார்த்தவாறே அவற்றை எழுதுவான். நேத்திர மங்கலம் எனப்படும் இச்சடங்கைக் குமாரசுவாமி விரிவாகப் பதிந்துள்ளார்.

ஒன்றை மட்டும் எந்தப் பக்க அமைப்பாலும் காட்ட இயலாது. தெகல்தொருவைக் குகைக்கோயிலில் வெசந்தர சாதகம் சுவரில் நீண்ட பட்டைகளாக எழுதப்பட்டுள்ளது. ஒரே அரசகுமாரன் பட்டை நெடுகிலும் திரும்பத் திரும்பத் தோன்றுகிறான். யானையைக் கொடுக்கிறான், நாட்டை விட்டுப் போகிறான், மக்களையும் தானம் செய்கிறான். பார்ப்பவர் நடந்துகொண்டே கதையைப் படிக்கிறார். நூலில் படிப்பவர் அமர்ந்திருக்கிறார், தாள்தான் நகர்கிறது. சுவரைத் துண்டு துண்டாக வெட்டித்தான் பக்கத்தில் வைக்க முடியும். எவ்வளவு சிறந்த அச்சாளனும் அந்த நடையை மீட்டுத் தர வல்லனல்லன்.

தமிழ்க் குடியில் வந்தவர் சிங்களக் கலைக்கு இத்துணை உழைத்தது ஏன் என வினவுவாரும் இருக்கலாம். அத்தகைய எல்லைக்கோடுகள் குமாரசுவாமியின் கருத்தில் இல்லை. அவர் ஆராய்ந்த 18-ஆம் நூற்றாண்டுக் கண்டியில் 1739 முதல் அரசாண்டவர்கள் மதுரைத் தொடர்புடைய நாயக்கர் குடியினர். பழைய விகாரைகள் பலவற்றைப் புதுப்பித்த கீர்த்தி சிறீ இராசசிங்கனும் அக்குடியினனே. தென்னாட்டுத் தொடர்பு இல்லாமல் அக்காலக் கண்டிக் கலையை விளக்குவது அரிது.

அச்சு வேலையின் பளுவை ஒரு சிறு கணக்கால் அறியலாம். நூல் 300-க்கும் மேற்பட்ட பக்கங்களைக் கொண்டது. 425 படிகளுக்கு 1,27,500 பக்கப் பதிவுகளுக்கு மேலாகின்றன. ஓர் இழுப்பில் இரு பக்கம் விழுந்ததாகக் கொண்டாலும், கைப்பிடியை 60,000 தடவைக்குக் குறையாமல் இழுத்திருக்க வேண்டும். ஒவ்வோர் இழுப்புக்கும் முன் மை தடவ வேண்டும். தாளை வைக்க வேண்டும். பின் எடுத்து உலர்த்த வேண்டும். பதினைந்து திங்கள் ஆனது வியப்பன்று.

அவ்வேலை நடந்த மாதங்களிலேயே ஆஷ்பியின் கைவினைச் சங்கம் கடனில் மூழ்கிக் கலைந்தது. லண்டன் சந்தை தொலைவாகிவிட்டது; சங்கத்தாரின் வேலையைப் போன்ற இயந்திரச் சரக்கைப் பெருங்கடைகள் மலிவாய் விற்றன. கண்டியில் கைத்தொழில் அழிந்த கதை ஒரு பக்கம் அச்சாக, அதற்கு முன்மாதிரியாய் நின்ற ஆங்கிலச் சங்கம் அதே காரணங்களால் கண்ணெதிரே அழிந்துகொண்டிருந்தது. இந்நூலின் குறையும் இங்கேயே உள்ளது. 425 படிகள் யாருக்குப் போயிருக்கும்? செல்வரும் நூலகங்களும் வாங்கியிருப்பர். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அப்பெருநூலைக் கண்டிக் கம்மாளன் கையில் எடுத்தாலும் படிக்க இயலாது. மாரிஸின் நூல்களுக்கும் இக்குற்றம் உண்டு. எளியோர் கைத்தொழிலைப் போற்றியவர் செய்த நூல் எளியோர்க்கு எட்டவில்லை. எனினும், அப்போது பதியப்படாமல் விடப்பட்டிருந்தால் பெயர்கூட மிஞ்சியிராத வடிவங்கள் இன்று அந்நூலில் உள்ளன. பின்வந்த ஆராய்ச்சியாளர் அனைவரும் அதிலிருந்தே தொடங்க வேண்டியவராயினர்.

அவ்வச்சகத்திலிருந்து பின்னும் சில நூல்கள் வெளிவந்தன. 1910-இல் வந்த 'இந்திய வரைபடங்கள்' அவற்றுள் ஒன்று. அதன்பின் குமாரசுவாமி அச்சுத் தொழிலை விட்டார். அவரும் எதெல் அம்மையாரும் பிரிந்தனர். அம்மையார் தறியில் அமர்ந்து, எதெல் மெய்ரெட் என்னும் பெயரில் இங்கிலாந்தின் தலைசிறந்த நெசவுக் கலைஞருள் ஒருவரானார். செடி கொடிகளிலிருந்து சாயம் எடுக்கும் முறை பற்றி 1916-இல் தாமே ஒரு நூல் எழுதினார். குமாரசுவாமி 1917-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலைக் காட்சிச்சாலையில் பணியேற்று, 1947-இல் அந்நாட்டிலேயே மறைந்தார். 'இடைக்காலச் சிங்களக் கலை'யின் இரண்டாம் பதிப்பு, ஆசிரியர் செய்துவைத்த திருத்தங்களுடன் 1956-இல் நியூயார்க்கில் வெளிவந்தது.