எருக்குழியிலிருந்து கோழிக்கூண்டுக்கு: ஈப்புழுத் தீவனத்தின் வரலாறு

காய்கறிக் கழிவில் ஈப்புழுவை வளர்த்து, அதை உயிருடனோ உலர்த்தியோ கோழிக்குக் கொடுக்கும் முறை இப்போது 'எதிர்காலத் தீவனம்' என்ற பெயரோடு பேசப்படுகிறது. சுருக்கமாக அதை பி.எஸ்.எஃப். என்கிறார்கள். இந்தியாவில் இந்த மூன்றெழுத்தைக் கேட்டால் எல்லைப் பாதுகாப்புப் படைதான் முதலில் நினைவுக்கு வரும். இந்த ஈக்கும் படைக்கும் பெயரளவில் உறவு உண்டு. இது சேர்ந்த குடும்பத்தின் அறிவியல் பெயர் ஸ்ட்ராட்டியோமைடே; கிரேக்கத்தில் 'படைவீரன்', 'ஈ' என்னும் இரு சொற்களின் கூட்டு. தமிழில் 'கறுப்புச் சிப்பாய் ஈ' என்றும் 'கறுப்புப் படைவீரன் ஈ' என்றும் எழுதுகிறார்கள். பெயர் இன்னும் நிலைபெறாததால் பொருளும் புதியது என்று தோன்றுகிறது. ஆனால் இந்த அறிவு ஒரு நூற்றாண்டாகப் பலமுறை கண்டடையப்பட்டுப் பலமுறை கைவிடப்பட்டது. ஏன் கைவிடப்பட்டது என்பதை அறிந்தால்தான், இம்முறை அது நிலைக்குமா என்று கணிக்க முடியும்.

முதலில் கோழியின் பக்கம் நின்று பார்ப்போம். முற்றத்தில் மேயும் கோழி குப்பையைக் கிளறுவதே புழுவுக்காகத்தான். தானியம் அதற்கு ஆற்றலைத் தரும். இறகும் தசையும் முட்டையும் உருவாகப் புரதம் வேண்டும். இதை அறிவியல் சொல்லும் முன்பே கோழி வளர்த்தவர்கள் அறிந்திருந்தார்கள். நம் ஊர்களில் பழைய மண்பானைக்குள் காய்ந்த சாணமும் வைக்கோலும் கிழிந்த சாக்கும் திணித்து, நீர் தெளித்து, மாலையில் கறையான் உள்ள இடத்தில் கவிழ்த்து வைப்பார்கள். விடிந்ததும் பானையை நிமிர்த்தினால் குஞ்சுகளுக்கு அன்றைய புரதம் தயார். மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ, புர்க்கினா ஃபாசோ நாடுகளிலும் இதே பானை, இதே முறை. ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றிருக்க வேண்டியதில்லை; ஒரே தேவை ஒரே விடையைத் தந்திருக்கலாம்.

கறையானைப் பிடிப்பது வேறு, ஈயை வளர்ப்பது வேறு. ஈயை வளர்க்க வேண்டுமானால் புழு எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். நம் மரபு உயிர்களின் தோற்றத்தை நான்காகப் பகுத்தது: முட்டையில் பிறப்பன அண்டசம், வேர்வையில் பிறப்பன சுவேதசம், விதையில் முளைப்பன உற்பீசம், கருப்பையில் பிறப்பன சராயுசம். புழுவும் பேனும் சுவேதசத்தில் வைக்கப்பட்டன. ஐரோப்பாவிலும் அழுகிய இறைச்சியிலிருந்து புழு தானே தோன்றுவதாகவே நெடுங்காலம் நம்பினார்கள். 1668இல் இத்தாலியரான பிரான்செஸ்கோ ரெடி, இறைச்சி வைத்த கலங்களில் சிலவற்றைத் திறந்தும் சிலவற்றைத் துணியால் மூடியும் வைத்துப் பார்த்தார். மூடிய கலத்து இறைச்சியில் புழு இல்லை. ஈயின் முட்டையே புழுவாகிறது என்பது அவ்வாறு உறுதிப்பட்டது. புழு வளர்ப்பு ஒரு தொழிலாகக்கூடும் என்ற எண்ணத்துக்கு அடித்தளம் இதுதான்.

அந்த எண்ணம் எழுத்தில் வர இன்னும் இரண்டரை நூற்றாண்டுகள் ஆயின. முதல் உலகப் போர் முடிந்திருந்த ஜெர்மனியில் கொழுப்புக்குக் கடும் தட்டுப்பாடு. 1919இல் பவுல் லிண்ட்னர் என்ற அறிவியலாளர், கழிவில் வீட்டு ஈயின் புழுக்களை வளர்த்துக் கொழுப்பையும் புரதத்தையும் மீட்கலாம் என்று முன்மொழிந்தார். பஞ்ச காலத்து யோசனையாகவே அது நின்றுவிட்டது.

இதே காலத்தில் கோழி முற்றத்தை விட்டுக் கொட்டகைக்குள் போகத் தொடங்கியிருந்தது. 1920களில் வைட்டமின் டி பற்றிய அறிவு வளர்ந்தபின், வெயில் படாத கோழியையும் நோயின்றி வளர்க்க முடிந்தது. ஆனால் வேறொரு சிக்கல் இருந்தது. தாவரப் புரதம் மட்டும் உண்ட குஞ்சுகள் சரியாக வளரவில்லை. மீன்தூளோ இறைச்சித் தூளோ சேர்த்தால் வளர்ந்தன. அவற்றில் உள்ள இன்னதென்று அறியப்படாத ஒன்றை 'விலங்குப் புரதக் காரணி' என்று அழைத்தார்கள். 1948இல் வைட்டமின் பி12 பிரித்தெடுக்கப்பட்டபோது, அக்காரணி அதுவே என்பது தெளிவாயிற்று. அதன்பின் மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் சிறிது வைட்டமின் கலவையும் போதும் என்றாயிற்று. புழு தன் இடத்தை இழந்ததற்கு அருவருப்பு காரணமன்று, இக்கண்டுபிடிப்பே பெருங்காரணம்.

கொட்டகை ஒரு சிக்கலைத் தீர்த்து இன்னொன்றைப் பிறப்பித்தது: மலைமலையாய்க் கோழி எரு. 1969இல் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த கால்வெர்ட், மார்ட்டின், மார்கன் மூவரும் வீட்டு ஈயின் கூட்டுப்புழுவைக் குஞ்சுகளுக்குக் கொடுத்த ஆய்வை வெளியிட்டார்கள். சோயாப் புண்ணாக்கு உண்டவற்றுக்கு இணையாக அவை வளர்ந்தன. அடுத்த ஆண்டே கோழி எருவில் ஈப்புழு வளர்த்து அதைப் பயனுள்ள பொருளாக்கும் ஆய்வும் வந்தது. 1973இல் தியோத்தியா, மில்லர் இருவரும் இதே திசையில் எழுதினார்கள். அதே ஆண்டில் ஹேல் என்பவர் கறுப்புச் சிப்பாய் ஈயின் உலர்ந்த புழுவைக் கோழித் தீவனத்தில் சேர்ப்பது குறித்து எழுதினார்.

இத்தனை ஆய்வுகள் சில ஆண்டுகளுக்குள் குவிந்தன. சந்தையும் அப்போது ஆட்டம் கண்டது. உலகின் மீன்தூளில் பெரும்பங்கு பெரு நாட்டுக் கடலின் நெத்திலி இனத்திலிருந்து வந்தது. 1970இல் 1.2 கோடி டன்னுக்கு மேல் பிடிபட்ட அந்த மீன், அளவுக்கு மிஞ்சிய பிடிப்பாலும் 1972இன் எல் நினோவாலும் 1973க்குள் ஏறத்தாழ 20 லட்சம் டன்னாகச் சரிந்தது. மீன்தூளின் இடத்துக்குச் சோயாவைத் தேடி எல்லோரும் ஓட, அதன் விலை ஏறியது. 1973 ஜூனில் நிக்சன் அரசு சோயா ஏற்றுமதிக்குத் தற்காலிகத் தடை விதித்தது. இறக்குமதியை நம்பியிருந்த ஜப்பான் அதிர்ந்து, பிரேசிலின் செராடோ நிலங்களில் சோயா விளைவிக்க முதலீடு செய்தது. பிரேசில் சோயா சந்தைக்குப் பெருகி வந்தபின், ஈப்புழு ஆய்வுக்கூடத்தோடு நின்றது.

இந்தியா தன் சோயாவைத் தேடியதும் ஏறத்தாழ இதே காலத்தில்தான். குமாவுன் மலைகளில் 'பட்' என்ற பெயரில் கறுப்புச் சோயா முன்பே இருந்தது. மஞ்சள் சோயாவோ 1960களின் பிற்பகுதியில் ஜபல்பூர், பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகங்கள் வழியாக, இல்லினாய் பல்கலைக்கழகத்தின் துணையுடன் பரவியது. ஏழைகளின் புரத உணவாகும் என்ற கனவோடு வந்த பயிர் அது. மத்தியப் பிரதேசத்தின் கரிசல் நிலங்களில் வேரூன்றியபின், எண்ணெய் சமையலறைக்கும் புண்ணாக்கு கோழிப் பண்ணைக்கும் போயின. நாமக்கல் போன்ற முட்டை நகரங்கள் எழுந்தது இந்தப் புண்ணாக்கின் மீதும் மக்காச்சோளத்தின் மீதும்தான்.

ஈப்புழுவை மறதியிலிருந்து காத்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்காவின் ஜார்ஜியாவைச் சேர்ந்த கிரெய்க் ஷெப்பர்ட். வீட்டு ஈயை வளர்ப்பதில் ஓர் அபாயம் உண்டு: தப்பிய ஈ, நோயைச் சுமந்து உணவில் உட்காரும். கறுப்புச் சிப்பாய் ஈயின் இயல்பு வேறு. அமெரிக்கக் கண்டங்களைத் தாயகமாகக் கொண்ட இதற்கு லின்னேயஸ் 1758இலேயே பெயரிட்டிருந்தார். வளர்ந்த ஈ பெரும்பாலும் எதையும் உண்பதில்லை. புழுப்பருவத்தில் சேர்த்த கொழுப்பைக் கொண்டே சில நாள் வாழ்ந்து, இணைந்து, முட்டையிட்டு மடியும். ஆகவே வீட்டை நாடுவதில்லை. இதன் புழு நிறைந்த எருவில் வீட்டு ஈ முட்டையிடவும் தயங்கும். முதிர்ந்த புழு கறுத்து, ஈரக் குவியலை விட்டு உலர்ந்த இடம் தேடித் தானே ஏறி வரும்; சரிவான ஒரு பாதையும் கீழே ஒரு வாளியும் இருந்தால் அறுவடை முடிந்தது.

ஷெப்பர்டும் அவர் குழுவும் 1994இல் வெளியிட்ட ஆய்வில் கோழி எரு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. உலர்ந்த புழுவில் 42 விழுக்காடு புரதமும் 35 விழுக்காடு கொழுப்பும் இருந்தன. எஞ்சிய தடை இனப்பெருக்கம். இந்த ஈ வெயிலில்தான் நன்கு இணைசேரும். கண்ணாடிக் குடிலுக்குள் தொடர்ந்து வளர்க்கும் முறையை 2002இல் அவர்கள் விரிவாக எழுதியபின், பிற இடங்களிலும் இது தொழிலாகும் வழி திறந்தது.

அடுத்த கதவைத் திறந்தது சட்டம். 1986இல் பிரிட்டனில் மாட்டுப் பித்துநோய் கண்டறியப்பட்டது. இறந்த விலங்கின் இறைச்சி எலும்புத் தூளை மாட்டுக்கே தீவனமாக்கியதால் அது பரவியது. 2001இல் ஐரோப்பிய ஒன்றியம் பண்ணை விலங்குகளுக்கு விலங்குப் புரதம் கொடுப்பதை ஏறக்குறைய முழுமையாகத் தடுத்தது. பூச்சிப் புரதமும் அதில் சிக்கியது. 2017இல் மீன் வளர்ப்புக்கும் 2021 செப்டம்பரில் கோழிக்கும் பன்றிக்கும் அது அனுமதிக்கப்பட்டது.

இங்கேதான் வரலாற்றின் முரண் இருக்கிறது. ஐரோப்பியச் சட்டப்படி வளர்ப்புப் பூச்சியும் 'பண்ணை விலங்கு'. ஆகவே அதற்கு எருவையோ உணவகக் கழிவையோ இடக்கூடாது. பாதுகாப்பு நோக்கில் இது நியாயமானதே. ஆனால் தவிடு போன்ற, கோழியே நேராக உண்ணத்தக்க பொருளைப் புழுவுக்கு இட்டுப் பின் புழுவைக் கோழிக்கு இடுவதில் இழப்பு உண்டு, செலவும் கூடுகிறது. 2011இல் பிரான்சில் தொடங்கி, வண்டுப்புழு வளர்ப்பில் பெருமுதலீடு பெற்ற இன்செக்ட் நிறுவனம் 2024இல் கடனுக்காக நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. கழிவைத் தின்பதுதான் புழுவின் சிறப்பு. அதை நீக்கிவிட்டால் சோயாவோடு விலையில் போட்டியிடும் இன்னொரு தீவனமாக மட்டும் அது மிஞ்சும். அந்தப் போட்டியில் அது தோற்பதை 1970களிலேயே பார்த்துவிட்டோம்.

இந்தியாவின் நிலை வேறு. 2021இல் சோயாப் புண்ணாக்கின் விலை கடுமையாக ஏறியபோது, மரபணு மாற்றச் சோயாவின் புண்ணாக்கை 12 லட்சம் டன் வரை இறக்குமதி செய்ய ஒன்றிய அரசு அனுமதித்தது. விலை ஏறும்போது புழுவைப் பேசுவதும், இறங்கியதும் மறப்பதுமான பழைய சுழற்சிக்குள் நாமும் எளிதில் விழக்கூடும். அதிலிருந்து தப்பும் வழி நம் குப்பைத் தொட்டியில் இருக்கிறது. சந்தைகளில் நாள்தோறும் குவியும் காய்கறி, பழக் கழிவைக் கிடங்குக்கு ஏற்றிச் செல்ல நகராட்சிகள் பணம் செலவிடுகின்றன. அது புழுவுக்கு உணவானால் இரண்டு செலவுகள் ஒருசேரக் குறையும். ஆனால் அந்தக் கழிவு தூய்மையாக வர வேண்டும். காட்மியம் போன்ற உலோகங்கள் இந்தப் புழுவின் உடலில் சேரக்கூடியவை. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே குப்பையை அது உருவாகும் இடத்திலேயே தரம்பிரிக்கச் சொல்லின. அது நடக்காத ஊரில் ஈப்புழுத் தீவனத்தைப் பற்றிப் பேசுவது வீண்.

எதைக் கழிவு என்கிறோம், எதைத் தீவனம் என்கிறோம் என்ற எல்லையை ஐரோப்பா தன் நோய் அனுபவத்திலிருந்து சட்டமாக்கிக்கொண்டது. நாம் அதை அப்படியே படியெடுக்கத் தேவையில்லை; எல்லையே இல்லாமல் விட்டுவிடவும் கூடாது. எந்தக் கழிவு, எந்தச் சோதனை, எந்தக் கோழி என்று நாமே வகுத்துக்கொள்ள வேண்டும். அப்படி வகுக்கும் அவையில் பெருநிறுவனங்களோடு, பானை கவிழ்த்துக் கறையான் பிடித்தவர்களுக்கும் ஓர் இருக்கை வேண்டும்.