குதிப்போர் முழங்கால்: ஒரு நோயின் பெயரும் வரலாறும்

ஓட்டத்துக்கும் குதிப்புக்கும் மனித உடலில் இன்றியமையாத மூட்டு முழங்கால். தொடையின் முன்புறத்திலுள்ள பெருந்தசை சுருங்கும்பொழுது அதன் விசை முழங்காற் சில்லின் வழியாகக் கீழிறங்கிக் கணைக்கால் எலும்பின் முன்மேட்டைச் சென்று பற்றுகின்றது. சில்லுக்கும் அம்மேட்டுக்கும் இடையே வார்போற் கிடக்கும் தடித்த நாணே சில்லுத் தசைநாண் எனப்படும். ஒருவர் குதித்தெழும்போதும், மீண்டும் நிலத்தில் வந்து ஊன்றும்போதும், தம் உடல் நிறையினும் பன்மடங்கான விசையை இந்நாண் தாங்குகின்றது. இதில் உண்டாகும் நோயை மருத்துவ உலகம் எவ்வாறு அறிந்தது, எங்கே பிழைபட அறிந்தது, அப்பிழையின் விளைவை விளையாட்டு வீரர் எவ்வாறு அனுபவித்தனர் என்பன ஆராயத்தக்க செய்திகளாகும்.

பண்டைக் கிரேக்கர் தசைநாணையும் உணர்ச்சி நரம்பையும் ஒரே சொல்லாற் குறித்தனர். தமிழிலும் நரம்பு என்னும் சொல் யாழின் தந்தியையும் உடலின் நாணையும் உணர்ச்சி நரம்பையும் ஒருங்கே சுட்டியமை ஈண்டு நினைக்கத்தக்கது. சொல் ஒன்றானமையால் பொருளும் ஒன்றென்னும் மயக்கம் எழுந்தது. கி.பி. 157ஆம் ஆண்டளவில் பெர்கமம் நகரிலே வாட்போர் வீரர்க்கு மருத்துவராயமர்ந்த காலென், தசைநாணில் நரம்பிழைகளும் கலந்துள்ளன எனக் கருதினார். நாணை ஊசியாற் குத்தினால் வலிப்பு உண்டாகும் என்னும் அச்சம் அவருடைய நூல்களின் செல்வாக்கினால் நெடுங்காலம் நிலைபெற்றது. 1752இல் கேத்திங்கன் நகரில் அல்பிரெக்ட் வொன் ஹாலர் என்னும் அறிஞர், விலங்குகளிற் செய்த சோதனைகளைக் கொண்டு, தசைநாணை வெட்டினும் சுடினும் விலங்கு நோவை உணர்வதில்லை என்று எடுத்துரைத்தார். நாண் வேறு, நரம்பு வேறு என்னும் தெளிவு வலுப்பெற இச்சோதனைகள் பெரிதும் உதவின.

விளையாட்டினால் வரும் முழங்கால் நோவைப் பற்றிய ஆய்வு இருபதாம் நூற்றாண்டிலேயே செம்மையுற்றது. 1903ஆம் ஆண்டு பொஸ்டன் நகரில் ஒஸ்குட் என்பாரும், சூரிச் நகரில் சிலாற்றர் என்பாரும், ஒருவர் ஆய்வை மற்றவர் அறியாமலே, வளரும் சிறுவரின் கணைக்கால் முன்மேட்டில் உண்டாகும் வீக்கத்தையும் நோவையும் விவரித்தனர். 1921இலும் 1922இலும் சிண்டிங் லாசன், யொஹான்சன் என்னும் மருத்துவர் இருவர், சில்லின் கீழ்முனையில் இளையோர்க்கு வரும் அதுபோன்ற நோயை எழுதினர். வளர்ந்த வீரருக்கு அதே இடத்தில் தோன்றும் நோவுக்கு, 1973இல் அமெரிக்க மருத்துவர் பிளசினாவும் அவர்தம் துணைவரும் 'குதிப்போர் முழங்கால்' என்னும் பெயரைச் சூட்டினர். விளையாட்டு முடிந்தபின் மட்டும் நோதல், விளையாடும்போதும் நோதல், திறமையே குன்றுமளவுக்கு நோதல் என அதன் படிகளையும் அவர்கள் வகுத்தனர்.

இடம் தெரிந்தது, பெயரும் கிடைத்தது. ஆயினும் நோயின் இயல்பு பற்றி மற்றொரு மயக்கம் எஞ்சியிருந்தது. நோகின்ற நாண் அழற்சியுற்ற நாணே என்று பெரும்பாலோர் கொண்டு, அழற்சியைக் குறிக்கும் ஈற்றைச் சேர்த்தே நோயை வழங்கினர். அழற்சியாயின் அதனைத் தணித்தல் வேண்டும். ஆகவே நெடுநாள் ஓய்வும், அழற்சி தணிக்கும் மாத்திரையும், கோட்டிசோன் வகை ஊசியும் மருந்தாயின. ஓய்ந்திருக்கும்வரை நோவு அடங்கும்; களத்திற்கு மீண்டதும் முன்போலவே எழும். ஓய்வினாலே தசையும் நாணும் வலியிழந்தமையால் பலர் முன்னிலும் எளிதிற் பாதிக்கப்பட்டனர்.

அறுவையின்போது எடுத்த நாணின் துணுக்குகளை நுண்காட்டியின்கீழ் வைத்து நோக்கியோர் எதிர்பாராத காட்சியைக் கண்டனர். கொலாசன் இழைகள் ஒழுங்கு குலைந்து சிதைந்திருந்தன. அழற்சிக்குரிய கலங்களோ அரிதாகவே காணப்பட்டன. 1976இல் இத்தாலியரான புது என்பவர் குதிக்கால் நாணின் நோயை ஆராய்ந்து, சிதைவைக் குறிக்கும் வேறு பெயரை அளித்தார். 1998இல் மஃபுலி, கான், புது ஆகிய மூவரும் காரணத்தை முன்முடிவாகக் கூறாத 'தசைநாண் நோய்' என்னும் பொதுப்பெயரே தக்கதென வாதாடினர். அழற்சிக்கு இந்நோயிற் பங்கே இல்லையென்பது இதன் பொருளன்று. அதனை மட்டும் தணித்தால் நாண் சீர்ப்படாது என்பதே கருத்து.

பெயர் மாறியதோடு மருத்துவமும் மாறியது. கனடா நாட்டின் கேர்வின், ஸ்ரானிஷ் என்னும் இருவர் 1984இல் வெளியிட்ட நூலில், நாணுக்கு அளவறிந்து பளுவூட்டும் பயிற்சியை வற்புறுத்தினர். தசை நீண்டுகொண்டே பளுவைத் தாங்கும் வகையிலமைந்தது அப்பயிற்சி. நின்றவர் மெல்ல மெல்லக் குந்தும்போது முன்தொடைத் தசை செய்யும் தொழில் இத்தகையது. 1998இல் சுவீடன் நாட்டு மருத்துவர் அல்பிரெட்சன், குதிக்கால் நாண் நோயினால் வருந்திய 15 ஓட்டக்காரருக்கு இவ்வகைப் பயிற்சியை 12 வாரம் அளித்தார். அனைவரும் ஓட்டத்துக்கு மீண்டனர். பின்னர் முழங்காலுக்கும் சரிவுப் பலகையின்மேல் நின்று ஒற்றைக்காலாற் குந்தும் பயிற்சி வகுக்கப்பட்டது.

2006இல் நோர்வேயிற் பாரும் அவர்தம் குழுவினரும் 40 முழங்கால்களை இரு கூறாக்கி, ஒரு கூற்றுக்கு அறுவையும் மறு கூற்றுக்குப் பயிற்சியும் அளித்தனர். ஓராண்டின் பின் பார்த்தபோது அறுவை எவ்வகையிலும் மேம்பட்டதாகத் தெரியவில்லை. 2009இல் டென்மார்க்கிலே நிகழ்ந்த ஆய்வில், ஊசி ஏற்றவர்க்கு 12 வாரத்தில் நற்பயன் தோன்றியது; அரையாண்டிலோ அப்பயன் தேய்ந்தது. கனத்த பளுவை மெதுவாகத் தூக்கிப் பயின்றோர்க்கு நலம் நிலைத்தது.

எனினும், நாள்பட்ட நோவு வேறு. நாண் முற்றாக அறுதல் வேறு. பிரேசில் நாட்டுக் காற்பந்து வீரர் ரொனால்டோ 1999 நவம்பரில் வலது முழங்கால் நாணிற் காயமுற்று அறுவை பெற்றார். 2000 ஏப்ரலில் உரோமாபுரியிற் களத்துக்குத் திரும்பிய சில நிமிடங்களிலேயே அந்நாண் முற்றாக அறுந்தது. மீண்டும் அறுவையும், அதன்பின் நெடிய பயிற்சியும் தேவைப்பட்டன. 2002 யூன் 30இல் யோக்கோகாமாவில் நடைபெற்ற உலகக்கிண்ண இறுதியாட்டத்தில் ஜேர்மனிக்கெதிரான இரண்டு கோல்களையும் அவரே போட்டார். திடீரென அறுந்த உணர்வு தோன்றி, காலை நேரே நீட்ட இயலாது போயின், பயிற்சியை நம்பிக் காலந்தாழ்த்தாது உடனே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.

2005இல் வெளிவந்த நோர்வே ஆய்வொன்று 613 முன்னணி வீரரைச் சோதித்தது. கரப்பந்தாட்டக்காரருள் நூற்றுக்கு 45 பேரளவிலும், கூடைப்பந்தாட்டக்காரருள் நூற்றுக்கு 32 பேரளவிலும் அவ்வேளையில் இந்நோய் காணப்பட்டது. துவிச்சக்கரவண்டி வீரர் ஒருவரிடத்தும் அது காணப்படவில்லை. குதிப்பும் நோயும் எத்துணை நெருங்கியவை என்பதற்கு இது சான்று. 1991இல் கரப்பந்தாட்டத்தைத் தேசிய விளையாட்டாக ஏற்ற இலங்கைக்கு இச்செய்தி புறம்பானதன்று.

மற்றுமோர் ஆய்வு இங்கு குறிப்பிடத்தக்கது. 1955க்கும் 1963க்கும் இடையே வானிலே வெடித்த அணுகுண்டுகள் வளிமண்டலத்திற் கதிரியக்கக் கரியைப் பெருக்கின. அந்தக் கரியின் அளவைக் கொண்டு, 2013இல் டென்மார்க் அறிஞர் மனிதரின் குதிக்கால் நாணின் வயதைக் கணித்தனர். நாணின் உட்பகுதி ஏறக்குறைய முதற் 17 ஆண்டுகளிலேயே அமைந்துவிடுகின்றது. அதன்பின் அது புதுப்பிக்கப்படுவது மிகச் சிறிதளவே என்பது அவர்தம் முடிவு. அங்ஙனமாயின், நாண் உருவாகும் காலம் பெரும்பாலும் பள்ளிக்கூடக் காலமே.

ஆதலின் பாடசாலை மைதானத்தில் மாணவனொருவன் முழங்கால் நோகிறதென்று முறையிடும்போது, அதனைச் சோம்பலெனத் தள்ளுவதும் தவறு. ஆண்டு முழுவதும் விளையாட்டையே விலக்கிவைப்பதும் தவறு. குதிப்பின் எண்ணிக்கையைச் சிலகாலம் குறைத்து, தொடைத் தசைக்குப் படிப்படியாகப் பளுவை ஏற்றி, வாரந்தோறும் நோவின் அளவைக் கவனித்து வருதலே இன்றைய மருத்துவம் காட்டும் நெறி. திங்கள் பல செல்லினும் அந்நெறியிற் பொறுமை வேண்டும். போட்டி அண்மையிலிருக்கிறதென்று ஆசிரியரும் பயிற்றுநரும் அப்பொறுமையைக் கைவிடுவராயின், அதன் இழப்பு மாணவனுடைய முழங்காலுக்கேயாம்.