கடைசி மூன்று நாள்: அடைக்கோழியும் இன்குபேட்டரும்

முட்டை ஓட்டில் முதல் விரிசல் விழுந்ததும் அடைக்கோழி என்ன செய்கிறது? இன்னும் அழுத்தமாக உட்கார்ந்துகொள்கிறது. ஓட்டைக் கொத்திக் குஞ்சை வெளியே இழுப்பதில்லை. இன்குபேட்டர் வைத்திருப்பவரோ அதே நேரத்தில் மூடியைத் திறந்து, முட்டையைக் கையிலெடுத்து, டார்ச் அடித்துப் பார்க்கிறார். அந்தத் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் பல குஞ்சுகளுக்கு எமனாவதும் அதுதான்.

கோழி முட்டைக்கு 21 நாள் கணக்கு. முதல் 18 நாள் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே வேலைதான். அங்கே கோழி அலகால் முட்டையைப் புரட்டுகிறது, இங்கே மோட்டாரோ கையோ புரட்டுகிறது. 19, 20ஆம் நாள் வாக்கில் குஞ்சு, முட்டையின் அகன்ற முனையிலுள்ள காற்றறைக்குள் அலகை நுழைத்து முதன்முறையாக நுரையீரலால் மூச்சு விடுகிறது. அந்தக் காற்றறையில் கரியமில வாயு ஏற ஏறக் கழுத்துத் தசை துடிக்கிறது. அலகு நுனியிலுள்ள முட்டைப்பல் ஓட்டில் ஒரு புள்ளியைப் பெயர்க்கிறது. அதன்பிறகு 12 மணி நேரம், சில முட்டைகளில் 24 மணி நேரம்கூட, வெளியே ஒன்றும் நடக்காது. உள்ளேதான் முக்கியமான வேலை நடக்கிறது. சவ்வில் ஓடிய ரத்தம் குஞ்சின் உடலுக்குத் திரும்புகிறது. மிச்சமிருக்கும் மஞ்சள்கரு தொப்புள் வழியாக வயிற்றுக்குள் போகிறது. இது முடியும் முன் ஓட்டை உரித்தால் ரத்தம் கசியும், மஞ்சள்கருப் பை வெளியே தொங்கும். அந்தக் குஞ்சு பிழைப்பது அபூர்வம்.

கோழி குஞ்சுக்குச் செய்யும் உதவியெல்லாம் ஓட்டுக்கு வெளியேதான். கடைசி நாட்களில் அது தீனிக்குக்கூட எழுவது குறைவு. அதனால் வயிற்றடியில் சூடும் ஈரமும் கலையாமல் நிற்கின்றன. உள்ளேயிருந்து குஞ்சு கத்தினால் அடித்தொண்டையில் குரல் கொடுக்கிறது. முட்டைகளும் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன. ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கும் காடை முட்டைகளில், குஞ்சுகள் எழுப்பும் ‘டிக் டிக்’ ஒலி கேட்டு எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் பொரிப்பதை 1960களில் மார்கரெட் வின்ஸ் ஆராய்ந்து காட்டினார். கோழி அடைகாக்கும் கூடையில் முட்டைகள் இயல்பாகவே ஒட்டிக் கிடக்கின்றன. இன்குபேட்டர் பெட்டியிலோ தட்டுக் குழிகளில் தனித்தனியாக நிற்கின்றன. 18ஆம் நாள் அவற்றை எடுத்துத் தட்டையான தளத்தில் சேர்த்துப் படுக்கவைப்பது நல்லது என்பேன்.

பெட்டியின் பலவீனம் ஈரப்பதம். கடைசி மூன்று நாள் அது 65 முதல் 70 சதவீதம் இருக்க வேண்டும். ஒருமுறை மூடியைத் திறந்தால் சில நொடிகளில் சரிந்துவிடும். விரிசல் விழுந்த முட்டையில் அந்த வறண்ட காற்று நுழைந்தால், வெள்ளையாக ஈரமாயிருந்த சவ்வு பழுப்பேறி, காய்ந்து, குஞ்சின் இறகோடு ஒட்டிப்போகும். பிறகு குஞ்சால் தலையைக்கூடத் திருப்ப முடியாது. திரும்பினால்தானே ஓட்டைச் சுற்றி வெட்ட முடியும்?

‘தானா வர்றதுதான் பொழைக்கும், தொடாதே’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். அடைக்கோழிக்கு அது சரியான பேச்சு. பெட்டிக்கு அப்படியே பொருந்தாது. சவ்வு காய்ந்து சிக்கிய குஞ்சு நோஞ்சான் அல்ல. நாம் மூடியைத் திறந்ததற்கு அது மாட்டிக்கொண்டிருக்கிறது. அதைக் கைவிடுவதை இயற்கைத் தேர்வு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் உதவிக்கு ஒரு வரிசை உண்டு. விரிசல் விட்டு 24 மணி நேரம் தாண்டியும் நகர்வு இல்லை, சவ்வும் பழுப்பேறியிருக்கிறது என்றால் மட்டும் கை வைக்கலாம். முதலில் மூச்சுத் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கினால் போதும். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் சவ்வை ஒற்றவேண்டும். மூக்குத் துளைப் பக்கம் ஒரு சொட்டும் போகக் கூடாது. ஈரம் பட்டதும் சவ்வு கண்ணாடிபோல் தெளியும், உள்ளே ரத்த நாளம் இருந்தால் தெரியும். சிவப்புக் கோடுகள் தெரிந்தால் அங்கேயே நிறுத்தி, முட்டையைப் பெட்டியில் வைத்து மூடிச் சில மணி நேரம் விட்டுவிட வேண்டும். நாளம் வற்றியிருந்தால் அகன்ற முனையின் ஓட்டை மட்டும் சிறிது சிறிதாகப் பெயர்த்துத் தலையை விடுவிக்கலாம். கீழ்ப்பாதியைத் தொடவே கூடாது. காலை உதைத்துக் குஞ்சே வெளியே வரட்டும். தொப்புள் இன்னும் மூடாமலிருந்தாலும், அது மூட அதற்குள் நேரம் கிடைக்கும்.

குறுகிய முனையில் விரிசல் விடும் குஞ்சுக்குச் சிக்கல் அதிகம். அதற்குக் காற்றறை கிடைக்காது. அதன் மூச்சுத் துளை அடைபடாமல் பார்த்துக்கொண்டு காத்திருப்பதே பெரும்பாலும் நாம் செய்யக்கூடியது.

ஒரு விஷயத்தில் பெட்டிதான் கோழியை மிஞ்சுகிறது. பொறுமைக்கு நாம் கோழியைப் புகழ்கிறோம். ஆனால் பொரித்த குஞ்சுகள் நடமாடத் தொடங்கி ஓரிரு நாளில் அது கூடையை விட்டு இறங்கிவிடும். பிந்திய முட்டை உள்ளே உயிரோடு கத்திக்கொண்டிருந்தாலும் ஆறிப்போகும். பெட்டி யாரையும் கூட்டிக்கொண்டு மேயப் போகவேண்டியதில்லை. அதனால் இரண்டும் வைத்திருப்பவர்கள் கோழி இறங்கியதும் மிச்ச முட்டைகளைக் காதில் வைத்துக் கேட்டு, சத்தம் வருவதைப் பெட்டிக்கு மாற்றிவிடலாம். அதில் பொரித்த குஞ்சு ஈரம் உலர்ந்து நிமிர்ந்ததும், அன்றிரவே இருட்டில் தாயின் இறக்கைக்கு அடியில் தள்ளிவிட்டால் பெரும்பாலான கோழிகள் ஏற்றுக்கொள்ளும். பகலில் விட்டால் கொத்தக்கூடும்.