கோவேறு கழுதைகள் நடந்த கரை

அமெரிக்கத் தலைநகராகிய வாஷிங்டனிலிருந்து கம்பர்லாந்து நகர்வரை, பொடோமாக் நதியை ஒட்டி 184.5 மைல் நீளமுள்ள பாதையொன்று உண்டு. பொதுமக்களின் மோட்டார் வண்டிகளுக்கு அங்கே இடமில்லை. சைக்கிளில் செல்வோர் அச்சமின்றிச் செல்கின்றனர். ஆயினும் அதனை வகுத்தவர் எவரும் சைக்கிளை எண்ணி வகுக்கவில்லை. 1828 ஆம் ஆண்டில் வெட்டத் தொடங்கிய கால்வாயின் கரை அது. கோவேறு கழுதைகள் கயிறு பூட்டிப் படகுகளை இழுத்துச் சென்ற வழி. படகுகளை ஏற்றி இறக்கும் வேலையை மதகுகள் பார்த்துக்கொண்டமையால் கரை பெரும்பாலும் சமதளமாகவே அமைந்தது. பாவம், கால்வாய் 1850 இல் கம்பர்லாந்தை எட்டுமுன்பே, 1842 இல் ரயில் அங்கே வந்துவிட்டது! 1924 ஆம் ஆண்டு வெள்ளத்தோடு படகுப் போக்குவரத்தும் ஓய்ந்தது.

பின்னர் அத்தடத்தில் மோட்டார் சாலை அமைக்கும் திட்டம் எழுந்தது. 1954 ஜனவரியில் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் அதனை ஆதரித்துத் தலையங்கம் தீட்டிற்று. உச்சநீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் மறுப்புக் கடிதம் வரைந்து, தம்முடன் முழுத் தொலைவும் நடந்துவருமாறு அதன் ஆசிரியரையே அழைத்தார். மார்ச்சில் எட்டு நாள் நடை நிகழ்ந்தது. முழுவதும் நடந்து முடித்தவர் நீதிபதி உட்பட ஒன்பதின்மரே. பத்திரிகை தன் கருத்தை மாற்றிக்கொண்டது. பல்லாண்டுகள் வகுப்பறையில் நின்று பேசியே காலங்கழித்த எனக்கு, எதிர்வாதியை இடத்துக்கே அழைத்துச் சென்ற அந்த முறைதான் மிகவும் பிடித்திருக்கிறது. 1971 இல் அக்கரை தேசிய வரலாற்றுப் பூங்காவாயிற்று.