துரு சொல்லும் வரலாறு

மாணவர்களே!

வரலாறு என்றவுடன் கல்வெட்டும் செப்பேடும் ஓலைச் சுவடியும் நம் நினைவுக்கு வருகின்றன. அவையெல்லாம் மனிதர் எழுதியவை. எழுதுவார் ஒருவரும் இன்றித் தானே எழுதிக்கொள்ளும் ஆவணம் ஒன்றும் உலகில் உண்டு. இரும்பின்மேல் படியும் துருவே அது. அத்துருவைப் பற்றியும், சிறிய மாதிரி இரயில் வண்டிகளில் அதனை மெய்போலத் தோன்றச் செய்யும் கலையைப் பற்றியும் இன்று சில சொல்ல விரும்புகிறேன். விளையாட்டுப் பொருளுக்கும் வரலாற்றுக்கும் என்ன உறவு என்று நீங்கள் வினவலாம். அவ்வுறவு மிக நெருங்கியது என்பதைப் போகப் போகக் காண்பீர்கள்.

முதலில் துருவின் இயல்பை அறிவோம். இரும்பு, நீர், காற்றிலுள்ள ஆக்சிஜன் ஆகிய மூன்றும் கூடினால் துரு உண்டாகும். மூன்றில் ஒன்று இல்லையெனினும் அது தோன்றாது. உப்புச் சேருமானால் அதன் வேகம் மிகும். துருவானது தான் உண்ட இரும்பைவிட மிகுதியான இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆதலின் பருத்து, பொருக்காகி உதிரும். உதிர்ந்த இடத்தில் புதிய இரும்பு வெளிப்படும். அதனையும் துரு பற்றும். செம்பின்மேல் படியும் பச்சைக் களிம்பு உள்ளிருக்கும் உலோகத்தை ஓரளவு காக்கிறது. துருவோ அவ்வாறு காப்பதில்லை.

இதனால்தான் பழங்கால இரும்பு நமக்கு முழுமையாகக் கிடைப்பது அரிது. ஆதிச்சநல்லூரில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்சாண்டர் ரீ என்பவர் அகழ்ந்தபோது இரும்புக் கருவிகள் பல வெளிப்பட்டன. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 வரை செல்கிறது என்று தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2022-இல் அறிவித்தது. மண்ணுக்கடியில் துருவோடு பல நூற்றாண்டுகள் போராடித் தப்பிய இரும்பே இன்று சான்று கூறுகிறது.

துருவை வென்ற இரும்பும் நம் நாட்டில் உண்டு. தில்லியில் நிற்கும் குப்தர் காலத்து இரும்புத் தூண் ஏறத்தாழ 1600 ஆண்டுகளாக வெயிலும் மழையும் தாங்கி நிற்கிறது. அதன் இரும்பில் பாஸ்பரஸ் மிகுதியாக இருப்பதனால் மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலம் ஒன்று உருவாகி, துரு மேலும் பரவாமல் தடுக்கிறது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக விளங்கிய ஆர். பாலசுப்பிரமணியம் இதனை விரிவாக ஆராய்ந்து விளக்கினார்.

இனி இரயிலுக்கு வருவோம். எங்கள் நத்தத்திற்கு இன்றும் இரயில் பாதை இல்லை. புளிய மரங்களும் மாந்தோப்புகளும் சூழ்ந்த சாலை வழியே திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ சென்றுதான் இவ்வூரார் வண்டி ஏற வேண்டும். பூட்டுத் தொழிலால் பெயர் பெற்ற திண்டுக்கல்லுக்குத் தென்னிந்திய இரயில்வேயின் மீட்டர் பாதை 1875-இல் வந்தது. 1928-இல் திண்டுக்கல்லிலிருந்து பழனி வழியாகப் பொள்ளாச்சிக்கும், மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கும் பாதைகள் இடப்பட்டன. இரண்டாம் உலகப் போரின்போது இரும்பின் தேவை பெருகவே, போடிப் பாதையின் தண்டவாளங்கள் பெயர்த்து எடுக்கப்பட்டன. பின்னர் 1950-களில் அப்பாதை மீண்டும் அமைக்கப்பட்டது. அண்மைக் காலத்தில் இப்பாதைகள் யாவும் அகலப் பாதைகளாயின; போடிக்கு அகலப் பாதையில் வண்டி ஓடத் தொடங்கியது 2023-இல்தான். நீராவி எஞ்சின்களும் மீட்டர் பாதைப் பெட்டிகளும் நம் கண்ணை விட்டு மறைந்தன. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இப்பகுதியின் நெல்லையும் பருத்தியையும் யாத்திரிகரையும் சுமந்த அவ்வுலகத்தை இன்றைய மாணவர் எங்கே காண்பது?

இங்கேதான் மாதிரி இரயில் நமக்குத் துணை வருகிறது. 1891-இல் ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் லீப்சிக் நகரச் சந்தையில், அளவு வரையறுக்கப்பட்ட தண்டவாளத்தில் ஓடும் பொம்மை இரயிலைக் காட்சிக்கு வைத்தது. 1920-இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்தில் பிராங்க் ஹார்ன்பி பொம்மை இரயில்களைச் செய்து விற்கத் தொடங்கினார். அவையெல்லாம் கண்ணைப் பறிக்கும் வண்ணத்தில் பளபளத்தன. பணிமனையிலிருந்து அன்றே புறப்பட்டாற்போன்ற தோற்றம் அவற்றுக்கு இருந்தது. மெய்யான வண்டி அவ்வாறு இருப்பதில்லை என்று எண்ணியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்காவின் ஜான் ஆலன். கலிபோர்னியாவின் மான்டரே நகரில் வாழ்ந்த அவர், தாம் அமைத்த மாதிரி இரயில் உலகில் புகைக் கரியையும் துருவையும் வெளுத்த மரத்தையும் கொண்டுவந்தார். 1973-இல் அவர் மறைந்த சில நாட்களில் அவ்வமைப்பு தீக்கு இரையாயிற்று. ஆயினும் அவர் காட்டிய வழி உலகெங்கும் பரவியது.

துருவைப் போலச் செய்ய விரும்புபவன் முதலில் துருவைப் படிக்க வேண்டும். தண்டவாளத்தைப் பாருங்கள். சக்கரம் உருளும் மேற்பரப்பு வெள்ளிபோல மின்னும், பக்கங்கள் பழுப்பேறியிருக்கும். மேற்பரப்பிலும் துரு படிந்திருப்பின், அப்பாதையில் சில நாட்களாக வண்டி ஓடவில்லை என்று அறியலாம். சரக்குப் பெட்டியில் வண்ணம் பெயர்ந்த விளிம்பிலும், ஆணித் தலையைச் சுற்றியும், மழைநீர் தேங்கும் கதவின் அடிப்பகுதியிலும் துரு தொடங்கும். பிறகு நீர் வழிந்த தடத்தில் கீழ்நோக்கி இறங்கும். இளந்துரு செம்மஞ்சளாக இருக்கும். முதிர்ந்த துரு கரும்பழுப்பாக இருக்கும். பெட்டியின் அடியில் காணும் பழுப்புத் தூசி, தேய்ந்த பிரேக் கட்டையிலிருந்து பறந்த இரும்புத் துகள். நீராவி எஞ்சினின் மேல் வெள்ளைக் கோடு வழிந்திருந்தால் அது உப்பு மிகுந்த நீர் கசிந்து காய்ந்த அடையாளம். மேலும் ஒரு விந்தை: துருவைத் தடுப்பதற்கென்று சரக்குப் பெட்டிகளுக்குப் பூசிய செங்காவி வண்ணத்தின் மூலப்பொருளும் இரும்பின் ஆக்சைடே. துருவின் உறவினனே துருவுக்குக் காவல்!

இனி அளவைக் கருதுங்கள். எச்.ஓ. என்னும் அளவில் மாதிரி, மெய்யான பொருளில் 87-இல் ஒரு பங்கு. ஒரு மீட்டர் அகலமுள்ள நம் பழைய பாதை அதில் 11.5 மில்லிமீட்டராகச் சுருங்கும். பெட்டியின்மேல் 2 சென்டிமீட்டர் அகலமுள்ள துருக்கறை, மாதிரியில் கால் மில்லிமீட்டரினும் குறைவாகவே இருக்க வேண்டும். கறையைச் சற்றே தடிப்பாகத் தீட்டிவிட்டால் பெட்டி பழமையுற்றதாகத் தோன்றாது. அம்மை கண்டதுபோலத் தோன்றும்.

செய்முறை எளியது. வண்ணத்தை மிக நீர்த்த நிலையில் பூசினால் அது மூலை முடுக்குகளில் தங்கிப் பழைய அழுக்காகக் காணப்படும். ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் விளிம்புகளை மட்டும் தடவினால் தேய்மானம் தெரியும். பொருக்குத் துருவுக்கு ஒரு வழி உண்டு. முதலில் துருவின் நிறத்தைப் பூசி உலரவிட்டு, வேண்டிய இடங்களை ஈரமாக்கி, அவற்றில் மட்டும் உப்புத் தூளைத் தூவி ஒட்டச் செய்து, அதன்மேல் பெட்டியின் வண்ணத்தைத் தெளிக்க வேண்டும். உலர்ந்தபின் உப்பைத் தேய்த்து அகற்றினால் வண்ணம் பெயர்ந்து துரு எட்டிப் பார்ப்பதுபோல இருக்கும். தூளுக்காக அயல்நாட்டுப் பொருளைத் தேட வேண்டியதில்லை. நத்தத்துச் செம்மண்ணை மெல்லிய துணியில் சலித்தால் இளந்துரு. செங்கற்பொடியோடு அடுப்புக்கரியைக் கலந்தால் முதிர்ந்த துரு. விளக்குக் கரி எஞ்சினின் புகை. தூளைக் கையாளும்போது மூக்கையும் வாயையும் துணியால் மறைத்துக்கொள்ளுங்கள்.

இங்கு ஒரு கேள்வி எழுகிறது. போற்றத்தக்க பழம்பொருளை அழுக்கோடும் துருவோடும் காட்டுவது முறையா? இரு தரப்பிலும் நியாயம் உண்டு. 1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்யப்பட்ட இ.ஐ.ஆர். 21 என்னும் நீராவி எஞ்சின், ஓய்வு பெற்ற பின்னர் ஒரு நூற்றாண்டுக் காலம் காட்சிப் பொருளாக நின்றது. அதனைச் சென்னைப் பெரம்பூர்த் தொழிலாளர்கள் பழுது நீக்கி, இல்லாத உறுப்புகளைப் புதிதாகச் செய்து, 2010-இல் மீண்டும் ஓடச் செய்தனர். மெய்யான இரும்பில் துருவை விட்டுவைத்தால் பொருளே அழிந்துபோகும். ஆகவே அதனைச் சுரண்டி வண்ணம் பூசுவது கடமை. ஆனால் பூசிய அக்கணமே, அவ்வெஞ்சின் உழைத்த காலத்தின் எழுத்து அழிந்துவிடுகிறது. நிலைய வாயில்களில் புதுவண்ணத்தோடு நிற்கும் பழைய எஞ்சின்களைக் காணும் சிறுவன், கரியள்ளிப் போட்ட தொழிலாளியின் வியர்வையை அங்கே காண்பதில்லை.

இக்குறையை மாதிரி நிறைவு செய்யும். மெய்ப்பொருள் காக்கப்படட்டும், அதன் உழைப்பின் தோற்றம் மாதிரியில் வாழட்டும். அதற்கு ஒரு நெறி இன்றியமையாதது. அழகுக்காக மனம் போனபடி துருவைத் தீட்டக்கூடாது. பாம்பன் கடற்காற்றில் ஓடிய பெட்டியின் துரு வேறு. பழனிப் பாதையின் வறண்ட காற்றில் நின்ற பெட்டியின் துரு வேறு. பழைய நிழற்படங்களைத் தேடுங்கள். ஓய்வுபெற்ற இரயில்வேத் தொழிலாளரிடம் கேளுங்கள். அவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேளுங்கள். எந்த ஆண்டு, எந்தப் பாதை, எந்தச் சரக்கு என்று குறித்துக்கொண்டு பின்பு தூரிகையைத் தொடுங்கள். சான்றின்றி இட்ட கறை, சான்றின்றி எழுதிய வரலாற்றைப் போன்றதே.

ஒவ்வொரு பள்ளியும் தன் ஊருக்கு அண்மையில் இருந்து மறைந்த ஒரு நிலையத்தையேனும் இவ்வாறு அட்டையிலும் மரத்திலும் அமைக்கலாம். அறிவியல் ஆசிரியர் துருவை விளக்குவார். கணக்காசிரியர் அளவைச் சுருக்கித் தருவார். ஓவிய ஆசிரியர் நிறத்தைக் காட்டுவார். வரலாற்று ஆசிரியர் சான்றைக் கேட்பார். நான்கு பாடங்களும் ஒரு மேசையில் கூடும். அம்மேசைமேல் உங்கள் பாட்டனார் ஏறிச் சென்ற வண்டி, அவர் கண்ட அதே கோலத்தில் நிற்கும். அப்பணியை இவ்வாண்டே தொடங்குங்கள்.